விகடகவியைத் திருப்பிப் போட்டால் விகடகவி ஏன் வருவதில்லை?

பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: “திருப்பிப் போட்டாலும் அதே சொல்லாக வருகிறதா என்று பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆங்கிலச் சொற்களுக்குச் சரியாக வேலை செய்கிறது. விகடகவி கொடுத்தால் ஃபால்ஸ், அதாவது ‘இல்லை’ என்கிறது. தாத்தா, பாப்பா, தேருவருதே எல்லாவற்றுக்கும் அதே கதைதான். தமிழ் என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கிறது. தப்பு என்னுடையதா, பைத்தானுடையதா?”

உங்கள் நிரலில் தப்பு இல்லை. பைத்தானிலும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் ‘எழுத்து’ என்று நினைப்பது ஒன்று, பைத்தான் எண்ணுவது வேறொன்று. அதோடு முடிந்திருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பைத்தானுக்குள்ளேயே ‘எழுத்து என்றால் என்ன’ என்பதற்கு நாலைந்து விதமான பதில்கள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்வரை இந்தச் சண்டை வெளியே தெரியாது. தமிழைக் கொடுத்த உடனே தெரிந்துவிடும்.

முதலில் விகடகவி. நம் கண்ணுக்கு வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. பைத்தான் சரத்துக்குள், அதாவது அது வைத்திருக்கும் எழுத்துத் தொடருக்குள் இருப்பவை ஏழு: வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, உயிர்மெய்க்குத் தனி எண் கொடுக்கவில்லை. அகரம் ஏறிய மெய்க்கு ஒரு எண், அதன் மேல் ஏறும் குறிக்கு இன்னொரு எண். இந்த எண் ஒவ்வொன்றும் ஒரு கோட்பாயிண்ட். [::-1] என்று ஸ்லைஸ் போட்டால் பைத்தான் இந்த ஏழையும் கடைசியிலிருந்து வரிசையாக எடுத்து வைக்கிறது: இகரக் குறி, வ, க, ட, க, இகரக் குறி, வ. திரையில் அச்சிட்டுப் பாருங்கள். முதல் இகரத்துக்கு ஏற எழுத்து எதுவும் இல்லாததால் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் அனாதையாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவது இகரம் வ-வை விட்டுவிட்டுப் பக்கத்து க-வின் மேல் ஏறி ‘கி’ ஆகியிருக்கும். இதை மூலச் சொல்லோடு ஒப்பிட்டால் ஃபால்ஸ் வராமல் என்ன வரும்?

‘கனக’ கொடுத்துப் பாருங்கள், ட்ரூ வரும். அதில் குறியும் இல்லை, புள்ளியும் இல்லை. இந்தச் சோதனையில் தேற வேண்டுமென்றால் தமிழ்ச் சொல் இப்படி மொட்டையாக இருந்தாக வேண்டும்.

‘தமிழ்’ 5 ஆவதும் இதே கணக்குத்தான். கோட்பாயிண்ட் எண்ணைச் சொல்லும் ஆர்ட் ஃபங்ஷனில் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021 என்று வரும். ஐந்து எண், அதனால் நீளம் 5. இதே சொல்லின் நீளத்தை கோ மொழியிலோ ரஸ்டிலோ கேட்டால் 15 வரும், ஏனென்றால் அவை பைட்டை எண்ணுகின்றன. யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் கோட்பாயிண்ட் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஸ்விஃப்ட் மொழியில் கவுண்ட் கேட்டால் 3. அது கிராஃபீம் கிளஸ்டர், அதாவது வாசிப்பவர் ஒரே எழுத்தாகப் பார்க்கும் கூட்டத்தை எண்ணுகிறது. ஜாவாஸ்க்ரிப்ட் 5 என்கிறது, ஆனால் அது எண்ணுவது 16 பிட் துண்டுகளை. வழக்கமான தமிழ் எழுத்துகள் எல்லாம் ஒரு துண்டுக்குள் அடங்கிவிடுவதால் பைத்தானோடு எண் பொருந்திவிடுகிறது, அவ்வளவுதான்.

மூன்றும் சரியான விடைகள்தான், கேள்விதான் வேறு. எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். தமிழ்ச் செய்தி ஒன்றுக்கு 70 இடம், நீண்ட செய்தியைத் துண்டு போட்டு அனுப்பினால் துண்டுக்கு 67. அங்கே ‘தமிழ்’ பிடிக்கும் இடம் 5 தான், 3 அல்ல. காசு போவதும் அந்தக் கணக்கில்தான். டேட்டாபேஸில் பைட் அளவில் இடம் ஒதுக்கியிருந்தால் 15. தலைகீழாக்கவும், எழுத்துக்கு எழுத்து விளையாட்டு எழுதவும் 3.

சரி, உங்கள் நிரலைத் திருத்துவோம். யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் பைத்தானோடு கூடவே வருகிறது. அதிலுள்ள கேட்டகரி ஃபங்ஷன் ஒவ்வொரு கோட்பாயிண்டும் எந்த வகை என்று இரண்டெழுத்தில் சொல்லும். எல் என்று தொடங்கினால் எழுத்து, எம் என்று தொடங்கினால் ஒட்டிக்கொள்ளும் குறி, என் என்று தொடங்கினால் எண். ஒரு காலி லிஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சரத்தில் ஒவ்வொன்றாகப் போங்கள். வகை எம்-மில் தொடங்கினால் லிஸ்டில் கடைசியாக இருப்பதோடு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் புதிதாகச் சேருங்கள். விகடகவி இப்போது வி, க, ட, க, வி என்று ஐந்தாக நிற்கும். இந்த லிஸ்டைத் திருப்பிப் பார்த்தால் ட்ரூ. தாத்தாவும் தா, த், தா ஆகிவிடுவார்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பல துணுக்குகள் கேட்டகரிக்குப் பதிலாக கம்பைனிங் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துகின்றன. ‘பூஜ்யம் இல்லாத விடை வந்தால் ஒட்டும் குறி’ என்பது அவற்றின் நினைப்பு. பிரெஞ்சு எழுத்தின் மேலுள்ள கீற்றுக்கு அது பொருந்தும். தமிழில் புள்ளிக்கு 9 வரும், இகரக் குறிக்கு 0 வரும்! அந்த எண் குறிகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் வரிசையைச் சொல்வது. ஒட்டுமா ஒட்டாதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை நம்பி எழுதினால் தமிழ் என்ற சொல் த, ம, தனியாக ஒரு இகரக் குறி, ழ் என்று நான்காக உடையும். 3-ம் இல்லை, 5-ம் இல்லை. இந்த 4-ஐப் பார்த்துவிட்டு அரை நாள் முழித்த அனுபவம் எனக்கு உண்டு.

கையால் எழுதப் பிடிக்கவில்லை என்றால் ஓபன்-தமிழ் என்ற நூலகத்தில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. க்ஷ வந்தால் மட்டும் கவனம். நமக்கு அது ஒரு வடிவம், யூனிகோடின் கிளஸ்டர் விதிப்படி க் ஒன்று, ஷ ஒன்று. மேலே சொன்ன, ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டும் நம் லூப்பும் அப்படித்தான் பிரிக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீளத்தையும் தலைகீழாக்குவதையும் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அங்கே தப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது இஸ்ஆல்ஃபா. ‘இதில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றனவா’ என்று கேட்கும் மெத்தட் அது. ‘தமிழ்’ கொடுத்தால் ஃபால்ஸ். ‘பரத’ என்று நிறுத்தினால் ட்ரூ, ‘பரதன்’ என்றால் ஃபால்ஸ். காரணம் மேலே சொன்ன வகைதான். எல்-லில் தொடங்கும் வகைகளை மட்டுமே அது எழுத்தாக ஏற்கிறது, இகரக் குறியும் புள்ளியும் எம் வகை. ஆய்த எழுத்து எல் வகையில் இருக்கிறது, அதனால் ‘ஃ’ மட்டும் தனியாகக் கொடுத்தால் ட்ரூ. ஆய்தம் எழுத்தாம், மி எழுத்து இல்லையாம்!

யூனிகோடு அப்படிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வகை என்பது தவிர, ஆல்ஃபபெட்டிக் என்று தனியாக ஒரு பண்பையும் யூனிகோடு வரையறுத்திருக்கிறது. அந்தப் பண்பு உயிர்க்குறிகளுக்கு உண்டு, புள்ளிக்குத்தான் இல்லை. பைத்தான் அந்தப் பண்பைப் பார்ப்பதில்லை. தன் இஸ்ஆல்ஃபா அதிலிருந்து வேறுபட்டது என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஜாவாவில் இரண்டும் தனித்தனி மெத்தடாக உண்டு. இஸ்லெட்டர் கேட்டால் இகரக் குறிக்கு ஃபால்ஸ், இஸ்ஆல்ஃபபெட்டிக் கேட்டால் ட்ரூ.

இதில் வேடிக்கை என்னவென்றால், பைத்தான் 3-இல் தமிழ் என்பதையே வேரியபிள் பெயராக, அதாவது நிரலில் ஒரு மதிப்புக்கு இடும் பெயராக வைக்கலாம். 2008 டிசம்பரில் 3.0 வந்ததிலிருந்தே இந்த வசதி உண்டு. தமிழ் = 5 என்று எழுதினால் ஓடும். ‘தமிழ்’ என்ற சரத்திடம் இஸ்ஐடென்டிஃபையர் கேட்டால் ட்ரூ, இஸ்ஆல்ஃபா கேட்டால் ஃபால்ஸ். பெயராக வைக்கத் தகுதி உண்டு, எழுத்து என்று சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லை. பெயருக்கான விதியை எழுதியவர்கள் குறிகளையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். இஸ்ஆல்ஃபா வகைப் பட்டியலை மட்டும் பார்க்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பதிவுப் படிவம் ஒன்று இருந்தது. பெயர்ப் பெட்டியில் இஸ்ஆல்ஃபா சோதனை. தமிழில் பெயர் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் ‘எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்’ என்று சிவப்பில் வரும். முருகன் என்று ஐந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டு போன் செய்தவர்கள் உண்டு. அதைச் சரிசெய்யக் கிளம்பிய ஒருவர், ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் மேலுள்ள கீற்றுகளை அகற்றப் பயன்படும் வித்தையைக் கொண்டுவந்து போட்டார். சரத்தை முதலில் கூறு கூறாகப் பிரி, எம்என் வகையில் இருப்பதையெல்லாம் தூக்கு. தமிழில் புள்ளி எம்என் வகை. ஈகாரக் குறியும் எம்என் வகை. மற்ற உயிர்க்குறிகள் எம்சி வகை. ஈகாரம் மட்டும் ஏன் அந்தப் பக்கம் போனது என்றால், எம்என் என்பது தனக்கென்று அகலம் பிடிக்காத குறிகளுக்கான வகை, ஈகாரச் சுழி எழுத்தின் தலைமேல் ஏறிக்கொள்வது. விளைவு, முருகன் ‘முருகன’ ஆனார், மீனா ‘மனா’ ஆனார். சோதனையில் அப்போதும் தேறவில்லை, ஏனென்றால் முருகனவில் உகரக் குறி இன்னும் இருக்கிறதே. அந்தச் சோதனையையே எடுத்துவிட்டோம். பெயரில் என்ன எழுத்து இருக்கலாம் என்று நிரல் முடிவு செய்வதே எனக்குப் பிடிக்காத காரியம், அது வேறு விஷயம்.

இனி ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ஒரு வடிவத்தைக் குறியீட்டில் எழுதி அதற்குப் பொருந்துவதைத் தேடும் முறை. இதே கோளாறு இங்கே வேறு வேஷத்தில் வருகிறது. பைத்தானின் ரீ மாட்யூலில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்பது சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்தைக் குறிக்கும். அது, எழுத்தோ எண்ணோ மட்டும்தானா என்று பார்க்கும் இஸ்ஆல்நம் சொல்வதைக் கேட்டு நடக்கிறது, கூடவே அடிக்கோட்டையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே உயிர்க்குறியும் புள்ளியும் சொல்லுக்கு வெளியே. ‘நான் பால் வாங்கினேன்’ என்ற வரியில் எத்தனை சொல் என்று பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பிளஸ் (ஒன்றோ, தொடர்ந்து பலவோ என்று பொருள்) போட்டு எண்ணுங்கள். ந, ன, ப, ல, வ, ங, க, ன, ன என்று ஒன்பது வரும். ஒவ்வொரு குறியும் புள்ளியும் கத்தி மாதிரி வெட்டிவிடுகிறது.

ஒன்பது வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பேக்ஸ்லாஷ் பி அப்படிக் காட்டிக்கொடுக்காது. சொல்லின் எல்லையைக் குறிப்பது அது. பால் என்ற முழுச் சொல்லை மட்டும் தேட, முன்னாலும் பின்னாலும் பேக்ஸ்லாஷ் பி போட்டு எழுதுகிறீர்கள். ‘பால் வாங்கினேன்’ என்ற வரியில் தேடினால் கிடைக்காது. ‘பால்காரர் வந்தார்’ என்ற வரியில் தேடினால் கிடைக்கும்! எது வேண்டுமோ அது வரவில்லை, எது வேண்டாமோ அது வருகிறது. நிதானமாகப் பார்த்தால் காரணம் எளிது. ஒரு பக்கம் சொல்லெழுத்து, மறுபக்கம் வேறு ஏதோ என்று இருக்கும் இடம்தான் எல்லை. பால் என்பது புள்ளியில் முடிகிறது, புள்ளி சொல்லெழுத்து இல்லை. அதற்கு அடுத்து இடைவெளி, அதுவும் சொல்லெழுத்து இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஜாதி, எல்லை கிடையாது. பால்காரரில் புள்ளிக்கு அடுத்து க வருகிறது, அது சொல்லெழுத்து, அதனால் அங்கே எல்லை. தமிழில் பாதிச் சொல் மெய்யில் முடிகிறது, மீதியில் பெரும்பாலானவை உயிர்க்குறியில் முடிகின்றன. தமிழ்த் தரவில் பேக்ஸ்லாஷ் பி போட்டுத் தேடிய எவருடைய எண்ணிக்கையையும் நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

இந்தக் குறை 2007-லேயே பைத்தானின் பிழைப் பட்டியலில் ஏறியது. ரீ மாட்யூல் மாறவில்லை. ரெஜெக்ஸ் என்ற பெயரில் தனியாக நிறுவிக்கொள்ளும் நூலகம் ஒன்று உண்டு, அதில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ யூனிகோடின் வரையறையைப் பின்பற்றுகிறது, குறிகள் உள்ளே வந்துவிடும். அதிலேயே பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டால் கிளஸ்டர் கிளஸ்டராகப் பிரித்தும் தரும். அதை நிறுவ முடியாத இடத்தில் நான் சதுர அடைப்புக்குள் பேக்ஸ்லாஷ் டபிள்யூவோடு தமிழ்ப் பகுதி முழுவதையும், அதாவது 2944 முதல் 3071 வரையுள்ள எண்களையும், சேர்த்து எழுதிக்கொள்கிறேன். எல்லைக்கு ‘இந்தக் கூட்டத்தில் எதுவும் முன்னால் இல்லை, பின்னால் இல்லை’ என்று லுக்அரவுண்ட். வெறும் இடைவெளியை மட்டும் எல்லையாக வைத்தால் ‘பால்,’ என்று காற்புள்ளியோடு வருவது நழுவிவிடும்.

எண்களுக்கு வந்தால் கதை நேர்மாறு. எழுத்தில் கஞ்சத்தனம் காட்டும் பைத்தான், எண்ணில் வள்ளல். சரத்தை முழு எண்ணாக்கும் இன்ட் ஃபங்ஷனிடம் "௧௨௩" கொடுங்கள், 123 கிடைக்கும். "1௨3" என்று கலந்து கொடுத்தாலும் 123 தான். தசம எண்ணாக்கும் ஃப்ளோட்டிடம் "௩.௫" கொடுத்தால் 3.5. ஆனால் நிரலுக்குள் நேரடியாக, மேற்கோள்குறி இல்லாமல் ௧௨௩ என்று எழுதினால் சின்டாக்ஸ் எரர். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இலக்கத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டி என்பதும் தமிழ் எண்களை ஏற்கும். பத்து இலக்க மொபைல் எண்ணைச் சரிபார்க்க பேக்ஸ்லாஷ் டி பத்து தடவை என்று எழுதியிருக்கிறீர்களா? அப்படியென்றால் ௯-இல் தொடங்கும் தமிழ் எண்ணும் தாராளமாக உள்ளே வரும், அதை வாங்கும் அடுத்த சிஸ்டம்தான் திணறும். ஆஸ்கி ஃபிளாக் போட்டால் 0 முதல் 9 வரை மட்டும். ஜாவாஸ்க்ரிப்டில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே பேக்ஸ்லாஷ் டி எப்போதும் அந்தப் பத்து மட்டுமே.

௰ கொடுத்தால்? இன்ட் மறுத்துவிடும். ௰ என்பது பத்தைக் குறிக்கும் ஒரே எழுத்து, இட மதிப்பில் உட்காரும் இலக்கம் அல்ல. எண்ணா என்று கேட்பதற்கே பைத்தானில் மூன்று மெத்தட் இருப்பது இதனால்தான். ௧-க்கு இஸ்டெசிமல், இஸ்டிஜிட், இஸ்நியூமரிக் மூன்றும் ட்ரூ. வர்க்கத்துக்கு மேலே போடும் ²-க்கு முதலாவது ஃபால்ஸ், மற்ற இரண்டும் ட்ரூ. ௰-க்குக் கடைசி மட்டும் ட்ரூ. இஸ்டிஜிட் ட்ரூ என்றதும் தைரியமாக இன்ட்டுக்கு அனுப்பும் நிரல்கள் ஏராளம். அவை ²-ஐப் பார்த்தால் விழும். இன்ட்டுக்கு முன் கேட்க வேண்டியது இஸ்டெசிமல்.

மதிப்பு தெரிய வேண்டுமென்றால் யூனிகோட்டேட்டாவின் நியூமரிக் ஃபங்ஷன் ௰-க்கு 10.0, ௱-க்கு 100.0 என்று சொல்லும். 2019-இல் வந்த யூனிகோடு 12-இல் பழைய தமிழ் பின்னக் குறிகளும் சேர்ந்தன. முந்திரி, அதாவது 320-இல் ஒன்று, அதற்குத் தனிக் குறி. நியூமரிக் கேட்டால் 0.003125 என்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் முந்திரி வாய்ப்பாடு படித்த தாத்தா காலத்துக் கணக்கு, கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டாண்டர்டு ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இந்தக் குறிகள் 16 பிட்டுக்குள் அடங்காதவை, அதனால் பைத்தானில் நீளம் 1, ஜாவாஸ்க்ரிப்டில் 2.

அடுத்து, பார்க்க ஒன்றாக இருந்து ஒப்பிட்டால் வேறாக வருபவை. உங்கள் நிரலில் இது இன்னும் வரவில்லை, வரும்.

‘கொடி’ என்று இரண்டு சரம். கண்ணுக்கு ஒரே மாதிரி. ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5, சமமா என்று கேட்டால் ஃபால்ஸ். முதலாவதில் ஒகரக் குறி ஒரே கோட்பாயிண்ட், 3018. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டு. இரண்டு வடிவமும் ஒன்றுதான் என்று யூனிகோடு சொல்கிறது, ஆனால் பைத்தானின் == அதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது. அங்கிருந்து வந்த ‘கொடி’ என்ற ஃபைலை உங்கள் நிரல் ‘காணவில்லை’ என்று சொல்லும், ஃபோல்டரைத் திறந்தால் கண் முன்னே இருக்கும். மருந்து நார்மலைஸ் ஃபங்ஷன். உள்ளே வரும் தமிழ் எல்லாவற்றையும் வாசலிலேயே என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வேரியபிள் பெயர்களுக்கு இந்த வேலையை பைத்தான் தானே செய்துகொள்கிறது. கொடி என்ற வேரியபிளை எந்த வடிவில் தட்டினாலும் அது ஒரே வேரியபிள். சரங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல குளறுபடி கிடைக்கும். பிரிந்த வடிவிலுள்ள பெயரை சரமாக செட்ஆட்டர் என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்து ஒரு ஆப்ஜெக்டில் மதிப்பு வையுங்கள். அதே பெயரை அந்த ஆப்ஜெக்டுக்குப் பின்னால் டாட் வைத்து நிரலில் எழுதிக் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லை என்று ஆட்ரிபியூட் எரர் வரும். வைத்தபோது பிரிந்து இருந்தது, கேட்கும்போது சேர்த்துவிட்டது.

நார்மலைஸ் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது, தமிழ்த் தரவில் அதுதான் அதிகம். கௌரி, கெளரி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? பல எழுத்துருக்களில் தெரியாது. முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ என்ற எழுத்தும் ள என்ற எழுத்தும். தட்டியவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்ததால் விட்டுவிட்டார், கம்ப்யூட்டருக்கு அது ‘கெ-ள-ரி’. யூனிகோடின் கணக்கிலும் இவை வேறு வேறுதான், ஆகவே என்எஃப்சி தொடாது. கொம்பையும் ள-வையும் பார்த்த இடத்திலெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஓடவிட்டுப் பார்த்தால் வெள்ளி, தெளிவு, வெளியூர், கெளுத்தி எல்லாம் சிதைந்து கிடந்தன. ள-வுக்குப் பின்னால் குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்று என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஔவையை ஒ, ள என்று இரண்டாகத் தட்டுவதும் இதே வியாதி, ஒளி என்ற சொல்லைக் காப்பாற்றும் மருந்தும் அதேதான். ஸ்ரீ-யிலும் இதே சிக்கல். ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடு 4.1-இல் வந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், == கேட்டால் ஃபால்ஸ்.

வரிசைப்படுத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த வாரம் கேட்பீர்கள். சார்ட்டட் ஃபங்ஷன் கோட்பாயிண்ட் எண்ணைப் பார்த்து அடுக்கும். அகம், அக்கா இரண்டையும் கொடுத்தால் அகம் முன்னால் வரும், ஏனென்றால் புள்ளியின் எண் 3021, ம-வின் எண் 2990. தமிழ் அகராதியில் க் முன்னால், க பின்னால், ஆகவே அக்காதான் முதலில். அதோடு ன என்ற எழுத்து ப-வுக்கு முன்னாலேயே வந்துவிடும், ற என்பது ல-வுக்கு முன்னால். யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகள் 1988-ஆம் ஆண்டின் இஸ்கி குறிமுறையைப் பின்பற்றி அமைந்தவை. அதில் எல்லா மொழிக்கும் ஒரே அச்சு, தேவநாகரியின் வரிசை. ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற என்று ஒலிக்கு ஒலி பொருத்தி வைத்துவிட்டார்கள். தமிழ் வரிசை வேண்டுமென்றால் மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியு நூலகத்தை இழுத்துக்கொள்ளுங்கள், அல்லது எழுத்துகளைப் பிரிக்கும் மேற்படி லூப்பை வைத்து எதை வைத்து அடுக்குவது என்று சார்ட்டட்டுக்குச் சொல்லும் ஒரு கீ ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள்.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒரு குறிமுறை இருக்கிறது, டேஸ்16. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றபோது இதையும் மாற்று முறையாக அங்கீகரித்தது. அதில் தமிழ் என்ற சொல்லின் நீளம் 3 தான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது அவரவர் விருப்பப்படி பயன்படுத்த விட்டுவைத்த எண்களில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருப்பது எழுத்தா, எண்ணா என்று எந்த ஸ்டாண்டர்டு ஃபங்ஷனுக்கும் தெரியாது. நீளம் சரியாகும், மற்ற எல்லாமே கைவிட்டுப் போகும். எனக்கு அது லாபமான பண்டமாற்றாகத் தெரியவில்லை.

உங்கள் நிரலுக்கு இப்போதைக்கு வேண்டியது இரண்டே மாற்றம். முதலில் என்எஃப்சி, அப்புறம் கேட்டகரி பார்த்து ஒட்டும் அந்த லூப். விகடகவி தேறிவிடும். அடுத்து ‘மாலா போலாமா’ கொடுத்துப் பாருங்கள். ஃபால்ஸ் என்று வந்தால் பதறாதீர்கள், நடுவில் இருக்கும் ஸ்பேஸை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.